மஞ்சள் தெரிந்தால் மணியடிக்கவும்

மேலப்பொழியில் கடல் பின்வாங்கத் தொடங்கிய நேரத்தை ஊரில் யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் அது ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி, மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடை கழுவிக்கொண்டிருந்த நேரம். மதுரையிலிருந்து வாரம் தவறாமல் வரும் சௌந்தரபாண்டி என்கிற வங்கி அதிகாரி கொடுவா மீனுக்காகத் தூண்டிலில் மாட்டி எறிந்த ரப்பர் மீன் தண்ணீருக்கடியில் எதிலோ மாட்டியதும், மாட்டிய அது துள்ளாமல், தலையை உதறாமல், வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நிதானமாகத் தென்மேற்கே நடக்கத் தொடங்கியதும், அதன் பின்னாலேயே கடலும் கிளம்பிப் போனதும் அப்போதுதான். நூல் ஒரு முழம் போனால் கடல் ஒரு முழம் போயிற்று. நூல் நின்றால் கடலும் நின்றது. சௌந்தரபாண்டி நின்றிருந்த இடம் தூண்டில் வளைவின் நுனி. தூண்டில் வளைவு என்பது கடலரிப்பைத் தடுக்க அரசாங்கம் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய பாறாங்கல் சுவர். அரிப்பை அது தடுக்கவில்லை, மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு நிற்க இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஊர் இதற்குப் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. இருபத்தைந்து வருடங்களில் மூன்று தெருக்களையும், குருசடி என்கிற சிறு சிலுவைக் கோயில் ஒன்றையும் கடலுக்குக் கொடுத்திருந்த ஊர் அது. எடுத்தவன் என்றைக்காவது திருப்பித் தரத்தானே வேண்டும் என்கிற மாதிரி எல்லோரும் கரையில் வந்து நின்று பார்த்தார்கள், பிறகு உலை வைக்கப் போனார்கள். உள்ளுக்குள் நடுங்கியது ஒரே ஒருத்திதான். அவள் பெயர் ஜெசிந்தா. சௌந்தரபாண்டியின் தூண்டில் ரீலுக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள் அவள்.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பாலத்தடியில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். ஆறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு டவுன்காரர் சுற்றாமல் இறுகிப்போன ரீல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, அதைத் திறந்து பார்த்தவள், உள்ளே இருப்பது ஒரு குட்டித் தையல் மெஷின்தான் என்று முடிவு கட்டிச் சரிசெய்தும் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை என்று சனிக்கிழமை தூண்டில்காரர்கள் எல்லோரும் அவள் கடை வாசலில் இறங்கிவிட்டுத்தான் தண்ணீருக்குப் போனார்கள். இந்தக் கொடுவா ரீல் தூண்டில் கம்பின் மேல்பக்கம் உட்காருகிற சாதி. எறியும்போது அதன் உருளை தலைதெறிக்கச் சுற்றும். பெருவிரலால் அதை லேசாகத் தடவிப் பிடிக்காவிட்டால், ரப்பர் மீன் தண்ணீரில் விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்து, நூல் முழுவதையும் தேங்காய் நார் மாதிரி சிக்கலாக்கிக் கையில் கொடுத்துவிடும். பக்கத்துத் திருகை எவ்வளவு இறுக்கினால் ரப்பர் மீன் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நிற்கும் என்பது ஜெசிந்தாவின் விரலுக்குத் தெரியும். ஜெசிந்தா கை வைத்தால் சிக்காது என்று ஒரு பேச்சே இருந்தது, அந்தப் பேச்சு அவளுக்குச் சோற்றை விட ருசியாக இருந்தது.

நூல் சுற்றுவதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் உருளையின் அடியில் ஐம்பது மீட்டர் மஞ்சள் நைலான், அதன்மேல் நூற்றைம்பது மீட்டர் மெல்லிய பச்சைப் பின்னல் நூல். பின்னல் நூல் வழவழப்பான உலோகத்தில் பிடிக்காது. வெறும் உருளையில் கட்டினால் பெரிய மீன் இழுக்கும்போது உருளை சும்மா நிற்கும், நூல்கட்டு மட்டும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அடியில் நைலான் இருந்தால் அதைக் கவ்விக்கொள்ளும். இதை அவள் வருகிற ஒவ்வொருவரிடமும் பாடம் மாதிரி ஒப்பிப்பாள். ஆனால் அந்தச் சனிக்கிழமை கடலேற்றம் திரும்பப்போகிறது, சீக்கிரம், சீக்கிரம் என்று சௌந்தரபாண்டி வாசலில் நின்று குதித்தார். மஞ்சள் நைலான் பரண்மேல் இருந்தது. ஏணி பக்கத்து வீட்டில் இருந்தது. எந்தக் கொடுவா அடிவரைக்கும் இழுத்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பச்சை நூலை நேராக வெறும் உருளையில் முடிந்து சுற்றிக் கொடுத்துவிட்டாள். ஆறு வருடத்தில் அவள் செய்த ஒரே சோம்பேறித்தனம் அதுதான், அதில் போய்த்தான் கடல் மாட்டிக்கொண்டது.

சௌந்தரபாண்டி இரண்டு நாள் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் சோறு ஊட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வங்கிக்குப் போயே ஆகவேண்டும் என்று அழாத குறையாகச் சொல்லி, கம்பை ஊர்க் கமிட்டித் தலைவர் ததேயுஸிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினார். ததேயுஸ் எதையும் எழுதிப் போட்டு நடத்துகிற ஆள். கம்பை இரண்டு பாறைகளுக்கு நடுவில் நிறுத்திக் கயிறும் சிமெண்டும் போட்டு இறுக்கினார். ஊரிலிருந்த ஏழு அன்பியங்களுக்கும், அதாவது முப்பது முப்பது வீடாகப் பங்கு பிரித்து வைத்திருக்கும் ஜெபக்குழுக்களுக்கும், ஆளுக்கொரு கிழமை காவல் என்று முறை வைத்தார். அன்றைக்குச் சாயங்காலமே கயிற்று வேலை தெரிந்த ஆம்பிளைகள் ஓடுகிற நூலோடு தடிக்கயிறு ஒன்றைச் சேர்த்துக் கட்டப் பதினோரு விதமான முடிச்சு போட்டுப் பார்த்தார்கள். பதினொன்றும் தானே அவிழ்ந்து விழுந்தன. ரீலை இறுக்கி நூலை நிறுத்தியும் பார்த்தார்கள். பத்து எண்ணுவதற்குள் தூரத்தில் தண்ணீர் எழும்பித் திரும்பிப் பார்த்தது, உடனே தளர்த்திவிட்டார்கள். அந்த நூல் அதன் போக்கில் போகவேண்டும், தீரும்வரை போகவேண்டும், தீர்ந்தால் கடல் திரும்பி வரும் என்பது ஊருக்குப் புரிந்தது.

அப்போதுதான் ததேயுஸ் எல்லோர் முன்னிலையிலும் ஜெசிந்தாவைக் கேட்டார், மொத்தம் எவ்வளவு நூல் கிடக்கிறது என்று.

"பச்ச நூத்தம்பது மீட்டர், அடியில மஞ்ச அம்பது," என்றாள் ஜெசிந்தா.

ஆயிரம் பேரிடம் ஆயிரம் தடவை சொன்ன வாய், அதுவாகவே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த இடத்திலேயே இல்லையண்ணே, மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ததேயுஸ் அதற்குள் பலகையும் பெயிண்டும் எடுத்துவரச் சொல்லிவிட்டார். மஞ்சள் தெரிந்தால் மணியடிக்கவும், மணி அடித்தால் ஒரு மணி நேரத்தில் அனைவரும் கோயில் மேட்டுக்கு வந்துவிடவும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கம்புக்குப் பக்கத்தில் நட்டார். எறிந்தபோதே நாற்பது மீட்டர் போய்விட்டது, மிச்சம் ஒரு நாளைக்கு இரண்டு மீட்டர் போகிறது, பச்சை தீர முதல் நாளிலிருந்து ஐம்பத்தைந்து நாள், அதற்குப் பிறகு மஞ்சள் இருபத்தைந்து நாள் என்று கணக்குச் சொன்னார். ஜெசிந்தா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். கடலுக்கடியில் கிடந்த மண்ணில் யார் போய்க் குடியிருக்கப் போகிறார்கள், சும்மா பார்த்துவிட்டு வருவார்கள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு வரவே இல்லை.

முதல் வாரம் மணல் வந்தது. இரண்டாம் வாரம் அஸ்திவாரங்கள் வந்தன, முழங்கால் உயரச் சுவர்கள் வந்தன, ஆட்டுக்கல் வந்தது, ஒரு இரும்புக் கட்டில் வந்தது, சேசுராணி வீட்டு வாசற்படி அவளுடைய கல்யாணத் தேதி செதுக்கியபடியே வந்தது, தெருமுனைக் கிணறு வந்தது, அதை இறைத்துப் பார்த்தால் தண்ணீர் இனித்தது. ஜனங்கள் கையில் கம்பும் கயிறுமாக இறங்கி, இது உன் வீடு, இது என் வீடு, இங்கேதான் வேலி, இல்லை அங்கேதான் வேலி என்று ஒரு நாள் சண்டை போட்டார்கள். அடுத்த நாள் சண்டை போட்டவர்களே ஒருவருக்கொருவர் தார்ப்பாய் பிடித்துக் கொடுத்தார்கள். தீப்பெட்டி மாதிரியான அரசாங்கக் குடியிருப்பில் பத்து வருடமாக அடைந்து கிடந்தவர்களுக்குக் காலை எழுந்ததும் தன் சொந்தத் தரையில் கால் வைப்பது போதையாக இருந்தது. மஞ்சள் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். குழந்தை தூங்காவிட்டால், மஞ்ச இன்னும் வரல, உறங்கு மக்களே என்று தட்டிக்கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் பிரிசில்லாவின் வீடு வந்தது. பிரிசில்லா ஜெசிந்தாவின் அக்கா. பதினொரு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய வீடு கடலில் போன அன்று, கைக்குழந்தையும் இடுப்புக் குழந்தையுமாகத் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றவளிடம், ரெண்டு அறை வீடுக்கா, ஒரு மாசம் வேணும்னா இருந்துக்கோ என்று ஜெசிந்தா சொன்னாள். சொன்ன விதம் அப்படி. பிரிசில்லா அந்த ஒரு மாதமும் இருக்கவில்லை, ஒரு மணி நேரமும் இருக்கவில்லை, திரும்பி நடந்து பள்ளிக்கூடத்து வராந்தாவில் போய்ப் படுத்தாள். அதற்குப் பிறகு கோயிலில் நேருக்கு நேர் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது அவளுடைய சிவப்புச் சிமெண்டுத் தரை பாசி படிந்து, ஆனால் ஒரு விரிசல் இல்லாமல் வெயிலில் காய்ந்தது. இரண்டு நாள் தேய்த்துக் கழுவி, தார்ப்பாய் கட்டி, இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு பதினாலாம் நாள் குடிபோனாள். அன்று மத்தியானம் தூக்குவாளியில் சாளைக் குழம்பு எடுத்துக்கொண்டு தூண்டில் வளைவின் பாறைகளில் தாவித் தாவி ஜெசிந்தா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள்.

"எட்டி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பதினொரு வருடத்தில் முதல் பேச்சு அது.

ஜெசிந்தா அந்தக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பிரிசில்லா நினைத்துக்கொண்டாள். அது முழுப் பொய்யும் இல்லை. இவளிடம் போய், அக்கா, எந்திரி, மறுபடியும் கிளம்பு என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. குழம்பு தினமும் வந்தது.

ரீலைப் பார்த்துக்கொள்வது ஜெசிந்தாவின் பொறுப்பு என்று ததேயுஸ் எழுதிப் போட்டிருந்தார். அவள் காலை பத்து மணிக்கு வருவாள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைப்பாள். உருளையின் இரண்டு பக்கத்துப் பேரிங்கிலும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விடுவாள். மூன்றாவது சொட்டு விட்டால் அது வழிந்து உப்பையும் மணலையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். இழுவையைத் தாங்குகிற வட்டத் தகடுகள் பக்கம் எண்ணெய் போய்விடாமல் பஞ்சு வைத்துக்கொள்வாள். பிறகு காதை வைத்துக் கேட்பாள். உருளை சுற்றச் சுற்ற உள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும், சுவர்க் கடிகாரத்தை விட மெதுவாக. அந்தச் சத்தம் இருக்கும்வரை நூல் உருளையைப் பிடித்திருக்கிறது என்று பொருள். எல்லாம் முடிந்ததும், பழைய குடைத்துணியில் அவளே தைத்த உறையை ரீலின் மேல் மாட்டி, நூல் வெளியே போக ஒரு கீறல் மட்டும் விட்டு, நாடாவை இறுக்கிக் கட்டுவாள். உப்புக்காற்று படக்கூடாது என்று ஊருக்குச் சொன்னாள். உருளை எவ்வளவு மெலிந்துவிட்டது என்பது யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுதான் உண்மை.

நாற்பதாம் நாள் பழைய குருசடி முழுதாக வெளியே வந்தது. சிலுவையின் ஒரு கை உடைந்திருந்தது, அதையும் பக்கத்து மணலிலேயே கண்டெடுத்தார்கள். இந்த வருடத் திருவிழா அங்கேதான் என்று ஊர் ஒரே குரலில் முடிவு செய்தது. ஐம்பத்தோராம் நாள் கொடியேற்றம், பத்து நாள் திருவிழா. ஜெசிந்தாவுக்குத் தூக்கம் போயிற்று. நாள் குறையக் குறைய அவள் உறைக்குள் கையை விட்டுப் பெருவிரலால் நூல்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். எட்டு சுற்றுப் பருமன், ஐந்து, மூன்று. ஒரு இடத்தில் விரலுக்குச் சில்லென்று உலோகம் தட்டியது.

அந்த மத்தியானம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது, தோன்றியபோது கர்த்தரே காட்டிக்கொடுத்ததாக நினைத்தாள். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து எடுத்துவந்தாள். எண்ணெய் விடுகிற பாவனையில் உறையை விலக்கி, மிச்சமிருந்த பச்சை நூலில் அதைத் தேய்த்துத் தேய்த்து ஊறவைத்தாள். மஞ்சள் தெரியும், மணி அடிக்கும், எல்லோரும் மேட்டுக்குப் போய்விடுவார்கள், நூல் தீரும்போது தெருவில் ஒரு பூனைக்குட்டிகூட இருக்காது. நூல் அறுந்தது என்று ஊர் சொல்லிக்கொள்ளும். ஜெசிந்தா கை வைத்தால் சிக்காது என்கிற பேச்சும் பிழைத்துக்கொள்ளும். பாவத்தைப் பாவத்தாலேயே கழுவுகிற அந்த வேலையை அவள் மிகச் சுத்தமாகச் செய்தாள். அது ஐம்பத்திரண்டாம் நாள்.

ஒரு மணி நேரத்தில் கீறல் வழியாக மஞ்சள் வெளியே வந்தது. காவலுக்கு இருந்த பெண்கள் விசில் ஊதினார்கள். கோயில் மணி அடித்தது. ஊரைக் குறை சொல்ல முடியாது, நாற்பது நிமிடத்தில் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள், பானை சட்டி, கட்டில், கோழிகள், ஓர் ஆடு உட்பட. ஒவ்வொரு அன்பியத்துக்கும் தலைவி நின்று தலைகளை எண்ணினாள். எண்ணி முடித்து எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடல் தன்பாட்டுக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் காய்ந்தது, குழந்தைகள் தண்ணீர் கேட்டார்கள், ஆடு கத்தியது. நான்கு மணி வாக்கில் ததேயுஸ் ஒரு காகிதத்தை எடுத்தார். மஞ்சள் ஐம்பது மீட்டர், இருபத்தைந்து நாள். திருவிழா முடிய இன்னும் எட்டு நாள். ஏற்றிய கொடியை இறக்காமல் விட்டுவிட்டு ஓடிவந்த பாவம் நமக்கு எதற்கு என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. திருவிழா முடிந்த மறுநாள் காலி செய்வோம் என்று கை தூக்கினார்கள்.

ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "மணியடிச்சா வரணும்னுதானண்ணே எழுதிப் போட்டிருக்கு?"

"வந்தாச்சே தங்கச்சி," என்றார் ததேயுஸ். "வந்துட்டுப் போகக்கூடாதுன்னு எழுதலியே."

எல்லோரும் சிரித்தார்கள். பிரிசில்லா தங்கையின் தோளில் தட்டி, உனக்கு ரீலைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிட்டது, வந்து சாப்பிடு என்றாள். ஆட்டையும் கோழிகளையும் ஓட்டிக்கொண்டு ஊர் மறுபடியும் கடலின் தரைக்கு இறங்கியது. ஜெசிந்தா அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று எண்ணினாள். மறுநாள் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று எண்ணினாள். பயத்தில் இருக்கிற மனுஷிக்குக் கணக்கு மட்டும் நன்றாக வரும்.

ஐம்பத்தைந்தாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு டிக் சத்தம் நின்றது.

ஜெசிந்தா ரீலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சத்தம் நின்றதும் நூல் நின்றுவிட்டதோ என்று முதலில் கடலைப் பார்த்தாள். நூல் ஓடிக்கொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக ஓடியது. உருளை அசையாமல் நிற்க, நூல்கட்டு மட்டும் அதன்மேல் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது, அவள் ஆயிரம் பேருக்கு ஒப்பித்த பாடம் அட்சரம் பிசகாமல் கண்முன்னால் நடந்தது. கீழே தெருக்களில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குருசடி முன்னால் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள், அதில் பிரிசில்லாவின் இளையவளின் சிவப்புப் பாவாடை தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்குப் பேரும் பெருமையும் ஒரு நொடியில் செத்துப்போயின. அன்றைய காவலைப் பார்வையிட வந்திருந்த ததேயுஸின் கையைப் பிடித்து இழுத்து, உறையைப் பிய்த்து எறிந்தாள்.

"அண்ணே, அடியில ஒண்ணுமில்ல. மஞ்சளே கெடயாது. நான் கெட்டல."

ததேயுஸ் குனிந்து பார்த்தார். உருளை பளபளவென்று அம்மணமாக இருந்தது, அதன் நடுவில் நாலைந்து சுற்று நூல். ஜெசிந்தா ஈரத்துணியால் நூலை ஒரு இழு இழுத்தாள். துணி மஞ்சளாயிற்று, நூல் பச்சையாயிற்று. அவர் ஒரு மூச்சு நேரம் அவளைப் பார்த்தார், அந்தப் பார்வையை விட அவர் அடித்திருந்தால் தேவலை. பிறகு விசிலை ஊதிக்கொண்டு பாறைகளில் ஓடினார்.

மணி அடித்தது. ஒருவரும் நிமிரவில்லை. திருவிழா நாளில் ஜெபமாலைக்கு மணி, நவநாளுக்கு மணி, பூசைக்கு மணி என்று காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள், இது இன்னொரு மணி என்று நினைத்துக்கொண்டார்கள். ததேயுஸ் தெருவுக்குள் ஓடி, மஞ்சள் பொய், ஜெசிந்தா நம்மை ஏமாற்றிவிட்டாள், நூல் தீரப்போகிறது என்று தொண்டை கிழியக் கத்தினார். மணியை நம்பாத ஊர் அதை உடனே நம்பியது. தோரணத்தைப் போட்டுவிட்டு, அடுப்பை அணைக்காமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

ஜெசிந்தா தோளிலிருந்த துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டு நூலைப் பிடித்தாள். நிறுத்தவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. நிறுத்தினால் கடல் அப்போதே திரும்பும், விட்டால் நிமிடத்தில் தீரும். ஆகவே எப்போதும் உருளையைத் தடவிப் பிடிக்கிற மாதிரியே பெருவிரலால் நூலை அணைத்து, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று கொடுத்தாள். துண்டு கிழிந்தது. நூல் சதைக்குள் இறங்கியது. கையெல்லாம் ரத்தம், மஞ்சள்தூள் பட்டுக் காந்தியது. கோயில் மேட்டில் ஜனம் குவிவது தெரிந்தது. ஒவ்வொரு அன்பியமாக எண்ணி முடித்து, ஆள் சரியென்றால் வெள்ளைத்துணியைத் தூக்கிக் காட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று துணி. உருளையில் இரண்டு சுற்று இருந்தது.

பின்னால் பாறையில் காலடி கேட்டது. பிரிசில்லா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து, தங்கையின் கைக்குப் பின்னால் நூலைப் பிடித்தாள். பாரம் பாதியாயிற்று. இருவரும் சேர்ந்து விரற்கடை விரற்கடையாகக் கொடுத்தார்கள். நான்காவது துணி ஏறியது, ஐந்து, ஆறு. ஏழாவது ஏறவில்லை. உருளையிலிருந்து கடைசிச் சுற்றும் உருவி வந்துவிட்டது. நுனியில் ஜெசிந்தாவே போட்ட முடிச்சு சுருண்டு கிடந்தது. ஏழாவது துணிக்காக இருவரும் கண் இமைக்காமல் மேட்டையே பார்த்தார்கள்.

"யாரையோ காணலக்கா," என்றாள் ஜெசிந்தா.

"என்னையாக்கும் தேடுதாவ," என்றாள் பிரிசில்லா. "பிள்ளைய ரெண்டும் மேல ஏறியாச்சு. விடு."

விட்டார்கள். முடிச்சு ஜெசிந்தாவின் விரல்களுக்கு நடுவே ஒரு தடவை தட்டிவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, காற்றுகூட இல்லை. அப்புறம் கடல் வந்தது. கோபமாக வரவில்லை, ஓடியும் வரவில்லை, வெளியூர் போன வீட்டுக்காரன் திரும்பி வருகிற மாதிரி வந்தது. தோரணத்தை எடுத்தது, குருசடியை எடுத்தது, கிணற்றை மூடியது, சிவப்புத் தரையின் மேல் ஏறியது, தார்ப்பாய்களைத் தூக்கிக்கொண்டது, தூண்டில் வளைவின் இரண்டு பக்கமும் நுரைத்து ஏறி, ஐம்பத்தைந்து நாளைக்கு முன்னால் எங்கே நின்றதோ அங்கே வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

பாறையின் உச்சியில் இருவரும் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரிசில்லா புடவைத் தலைப்பைக் கிழித்து ஜெசிந்தாவின் கையை எடுத்து மடியில் வைத்துக் கட்டத் தொடங்கினாள்.

"என் பிள்ளைய அங்கன உறங்கினது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எத்தன நாளு?"

"நாப்பத்தியொண்ணு," என்றாள் ஜெசிந்தா. ஒவ்வொரு இரவும் அவள் எண்ணியிருந்தாள், யோசிக்கவே தேவையில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அது அக்காவிடம் இன்னொன்றையும் பிடுங்குவதாக இருக்கும் என்று தோன்றியது.

அக்கா முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஜெசிந்தாவுக்குத் தைரியம் இல்லை. மேட்டிலிருந்து ஏழாவது அன்பியத்துப் பெண்கள் பிரிசில்லாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜெசிந்தாவும் ஒரு அன்பியத்தைச் சேர்ந்தவள்தான், அவளுடைய அன்பியம் அவளை எண்ணாமலேயே துணியைத் தூக்கிவிட்டிருந்தது. பிரிசில்லா கட்டை இறுக்கிக் கட்டி முடித்தாள். பிறகு பாறையில் எழுந்து நின்று, ஈரப்புடவையை உதறிவிட்டு, மேட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"ரெண்டு பேரு இருக்கோம்," என்று சத்தம் போட்டாள். "ரெண்டுன்னு எண்ணிக்கிடுங்க."